ஐஸ்கிரீம் டப்பாவில் பயற்றம் பணியாரம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வீட்டுக்கடன் கேட்கப் போன இடத்தில் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கட்டியவர் பெயர் ரதிதேவி. ஆக்லாந்து நகர மையத்தில் சின்ன அலுவலகம். சுவரில் மோர்ட்கேஜ் புரோக்கர் லைசென்ஸ், கண்ணாடிச் சட்டத்துக்குள். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் ஓய்வு பெறாத பெண்மணி. முழுப்பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார். என் சம்பளம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் கடனைப் பற்றிப் பேசவில்லை. 1987இல் நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். ஒரு கேள்வி வரைக்கும் வந்தார். அங்கே நிறுத்திக்கொண்டார்.

“பிறகு?” என்றேன்.

“பிறகென்ன, உம்மட கடன் அலுவலைப் பாப்பம். மிச்சத்தைக் கேக்கவேண்டிய ஆள் நீரில்லை.”

ஆகவே வாசகரே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு கிடையாது. அது பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன். (நினைப்பேன்.)

2

தொடக்கங்கள் மட்டும் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

முதல் தொடக்கம்: “குயின் வீதியின் குளிர்காற்று ரதிதேவியின் சேலைத் தலைப்பை—”

வேண்டாம். அன்று அவர் சேலை கட்டவில்லை. பழைய துணிக் கடையில் வாங்கிய சாம்பல் நிறக் கோட்டும் பாவாடையும்தான். தமிழ்ப் பெண் என்று எழுதியதுமே என் பேனா தானாகச் சேலை கட்டிவிடுகிறது.

இரண்டாவது: “யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ரதிதேவி—”

இதுவும் வேண்டாம். யாழ்ப்பாணத்துக்குள் போனால் திரும்பி வருவதற்குள் தாள் தீர்ந்துவிடும்.

மூன்றாவது: “ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, உள்ளே பயற்றம் பணியாரம், கடன் கொடுக்கும் மேலாளரின் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று ரதிதேவிக்குத் தெரியவில்லை.”

இது பரவாயில்லை. (பயற்றம் பணியாரம் என்பது பாசிப்பயற்று மாவை இனிப்போடு உருட்டி எண்ணெயில் பொரிக்கிற பண்டம்.) ஆனால் டப்பா அந்த மேசைக்கு எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பின்னால் போகிறேன்.

3

வட்டி இருபது வீதத்தை எட்டிப் பார்த்த வருடம் அது. எங்கள் ஆட்கள் வங்கிக்குப் போனால், “இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு காலம்?” என்று கேட்டே அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் மளிகைக் கடை ஒன்றின் மாடியில் இருந்த முன்சாமியிடம் போவார்கள். முன்சாமி பீஜியில் பிறந்தவர். வீட்டுக்கடன் பிடித்துத் தருவது அவர் தொழில். ரதிதேவி அவரிடம் தட்டச்சுக்காரி.

(இனி ரதிதேவியை “அவள்” என்றுதான் எழுதப் போகிறேன். 1987இல் அவளுக்கு என்னைவிட வயது குறைவு.)

கடன் கொடுக்கிற பில்டிங் சொசைட்டி ஒன்று, தான் நம்பும் புரோக்கருக்கு ஒரு கார்ட் கொடுத்தது. கார்ட் இருந்தால் உங்கள் பெயரில் விண்ணப்பம் கொண்டு போகலாம், கமிஷன் உங்களுக்கு. இல்லாவிட்டால் நீங்கள் வெறும் தட்டச்சுக்காரி.*

* இன்று ரதிதேவியின் சுவரில் இருப்பது பரீட்சை எழுதி, பதிவு செய்து வாங்கியது. அது வெகு காலத்துக்குப் பிறகு வந்தது. அன்று நம் ஆட்கள் அந்தக் கார்டைத்தான் “லைசென்ஸ்” என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

அந்த வருடம் மே மாதத்தில் பீஜியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. முன்சாமியின் அண்ணன் குடும்பம் பெட்டியும் கையுமாக ஆக்லாந்துக்கு வந்து இறங்கியது. ஒரு காலை முன்சாமி ரதிதேவியைக் கூப்பிட்டார். [முன்சாமியின் தமிழ் பீஜிக் கரும்புத் தோட்டத்தில் மூன்று தலைமுறை வளர்ந்தது. அதை எழுதிக்காட்டப் போனால் கேலி செய்கிறேன் என்பீர்கள். பெரும்பாலும் அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். நான் பொதுத் தமிழில் விட்டுவிடுகிறேன்.]

“என் அண்ணன் மகன் வந்திருக்கிறான், அவனுக்கு வேலை வேண்டும். இரண்டு பேருக்கு என்னால் சம்பளம் கொடுக்க முடியாது. நீ கார்ட் எடுத்துவிட்டால் உன் கமிஷனில் நிற்கலாம். எடுக்காவிட்டால்...”

எடுக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ரதிதேவியின் கணவர் ஆனந்தராசா கொழும்பில் ஒரு லாட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தார். இங்கே அவளுக்கு வருமானம் இருக்கிறது என்று காட்டினால்தான் அங்கே அவருக்கு விசா. கொழும்பில் ஒரு தமிழன் லாட்ஜில் காத்திருப்பது அந்த வருடங்களில் என்னவென்று நான் விளக்கப் போவதில்லை.

“ஒரு விண்ணப்பம் நீயே தயார் செய், நீயே கொண்டு போ, நீயே பதில் சொல்,” என்றார் முன்சாமி. “விதி ஒன்றே ஒன்றுதான். உனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டே மறைத்தாய் என்று பிடித்தால் உன் கார்டும் போகும், என் கார்டும் போகும்.”

4

அவள் எடுத்துக்கொண்ட விண்ணப்பம் சபாரத்தினம், செல்வநாயகி தம்பதியுடையது. அதே நகரின் ஏவன்டேலில் ரயில் பாதையை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்தார்கள். நாலு தெரு தள்ளி ஒரு பழைய மரவீடு விலைக்கு வந்திருந்தது. அவன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. செல்வநாயகி உடுப்புத் தைக்கிற இடத்தில். இரண்டு சம்பளமும் சேர்ந்தால் கடன் நிற்கும். அவளுடையதைக் கழித்தால் விழுந்துவிடும். வீட்டை விற்பவர் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் தவணை கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கையெழுத்து வாங்க ரதிதேவி போனாள். வாசலிலேயே எண்ணெய் மணம். குசினியில் சபாரத்தினம் சேர்ட் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்பில் எண்ணெய் கொதித்த தாச்சிக்கு முன்னால் நின்றான். ஜூலைக் குளிரில் ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது.

“வாங்கோ அக்கா. நாயகி எல்லாம் உருட்டித் தந்திட்டுப் பின்னால போய் இருக்கிறா. பயற்றம் பணியாரம். அந்த மனேஜரிட்டை நல்ல காரியத்துக்குப் போறியள், வெறுங்கையோட போகக்கூடாதாம்.”

“அவங்களுக்கு உது பழக்கமில்லை, சபா.”

“சாப்பிட்டுப் பாக்கட்டும். பழகும்.”

பின்கதவைத் திறந்தாள் ரதிதேவி. செல்வநாயகி தூறலில் படியில் உட்கார்ந்திருந்தாள். வெட்டிய தேசிக்காய்ப் பாதி (எலுமிச்சை) ஒன்றை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. ரதிதேவி கதவை மெல்லச் சாத்திவிட்டு நின்றாள்.

“கேளாதேங்கோ ரதியக்கா.”

“நான் ஒண்டும் கேக்கேல்லயே.”

“உங்கட கண் கேக்குது. மூண்டு மாசம் முடியுமட்டும் வாயால சொல்லக்கூடாது. ரெண்டு தரம் சொன்னனாங்கள். ரெண்டு தரமும் தங்கேல்ல.”

“சபாவுக்கு?”

“அவருக்கும் சொல்லேல்ல. போன முறை ரெலிபோன் எடுத்து உலகம் முழுக்கச் சொன்னவர் அவர்தானே. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் நான் சொல்லேல்ல, நீங்களாக் கண்டிட்டியள்.”

உனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முன்சாமியின் குரல் ரதிதேவியின் காதில் கேட்டது. பிள்ளை பிறந்தால் நாயகியின் சம்பளம் நின்றுவிடும், கடனும் நிற்காது. இந்தப் பக்கமே வந்திருக்கக்கூடாது, குசினியோடு நின்றிருக்கலாம் என்று அவள் நினைத்தாள். கண்டுவிட்டதை இனிக் காணாமல் இருக்க முடியாது.

“நாயகி, அங்க கேட்டால்?”

“உதெல்லாம் கேப்பினமோ?”

“கேட்டாலும் கேப்பினம்.”

செல்வநாயகி தேசிக்காயை மூக்கிலிருந்து எடுத்தாள்.

“நீங்கள் சொல்லமாட்டியள்,” என்றாள்.

அது வேண்டுகோளா, நம்பிக்கையா, கட்டளையா என்று இன்றுவரை தனக்குத் தெரியாது என்கிறார் ரதிதேவி. எழுதுகிற எனக்கும் தெரியவில்லை. பின்னால் எந்த வினைச்சொல்லும் சேர்க்காமல் வெறும் “என்றாள்” என்று போட்டுவிட்டேன்.

5

இந்த இடத்தில் எனக்கு ரதிதேவிமேல் சந்தேகம் வருகிறது.

அந்த விண்ணப்பத்தை முன்சாமியிடம் கொடுத்துவிட்டு விலகியிருக்கலாமே? அவரிடமே கேட்டேன். “விலகியிருக்கலாம். என்ர கதிரை முன்சாமியின்ர அண்ணன்ர பெடியனுக்குப் போயிருக்கும், என்ர மனுசன் கொழும்பில இருந்திருப்பார். வேறை என்ன?” என்றார். என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபம் இருந்தது. கதை எழுதுகிறவர்களுக்கு விலகல் சுலபம்தான்.

சரி, அந்த டப்பாவையாவது எங்காவது விட்டுவிட்டுப் போயிருக்கலாமே? அப்படியும் ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: “சான்ட்ரிங்ஹாம் பஸ்ஸின் பின் இருக்கையில் டப்பாவை வைத்துவிட்டு ரதிதேவி திரும்பிப் பார்க்காமல் இறங்கி—”

பொய். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி குமட்டலை அடக்கிக்கொண்டு உருட்டிக் கொடுத்த பணியாரம் அது. அதை பஸ்ஸில் விட்டுவிட்டு வர அவளுக்கு எப்படி மனம் வரும்? மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

6

புதன்கிழமை காலை. மேலாளர் வெள்ளைக்காரர், கெட்டவர் இல்லை. (அவரைக் கெட்டவராக்கியிருந்தால் எனக்கு வேலை பாதி குறைந்திருக்கும்.) விண்ணப்பத்தை வரி வரியாகப் படித்தார். இரண்டு இடத்தில் தலையை ஆட்டினார். “மிகச் சுத்தமான வேலை,” என்றார். மேசையின் அவர் பக்கத்தில் கார்ட் தயாராக இருந்தது. ரதிதேவியின் பெயர் அதில் தட்டச்சாகியிருந்தது. அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தலைகீழாகத் தெரிந்த தன் பெயரை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அப்புறம்தான் அவர் டப்பாவைக் கவனித்தார்.

“இது என்ன?”

“இனிப்பு, சேர். விண்ணப்பித்தவர்கள் உங்களுக்கு அனுப்பினார்கள்.”

அவர் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது.

“எனக்கு எதற்கு அனுப்புகிறார்கள்?”

அந்த நிமிடம்தான் ரதிதேவிக்கு உறைத்தது. கடன் கேட்கிறவன் கடன் கொடுக்கிறவனுக்குப் பொருள் அனுப்பினால் இந்த ஊரில் அதற்கு வேறு பெயர். கார்ட் போய்விட்டது என்றே நினைத்தாள். அவசர அவசரமாகச் சொன்னாள்:

“லஞ்சம் இல்லை, சேர். எங்கள் வழக்கம். நல்ல காரியம் நடக்கும்போது இனிப்புக் கொடுப்போம்.”

அவர் முகம் தளர்ந்தது. சிரித்தார். தப்பித்தோம் என்று ரதிதேவி மூச்சு விட்டாள். ஆனால் அவர் மூடிய விண்ணப்பத்தை மறுபடி திறந்தார். செல்வநாயகியின் வயது இருந்த இடத்தில் விரலை வைத்தார். அப்படியே அவளுடைய சம்பளத்துக்கு விரலை இறக்கினார்.

“நல்ல காரியமா? வீடு இன்னும் கிடைக்கவில்லையே. வேறு ஏதாவதா? குழந்தை ஏதாவது வரப் போகிறதா?”

பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். எந்தத் தாளிலும் இல்லாத கேள்வி. நாளைக்கு யாராவது கேட்டால் நான் கேட்கவே இல்லை என்று சொல்லிவிடக்கூடிய கேள்வி. ஆனால் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். பேனா முனை கார்டுக்கு மேலே நின்றது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனந்தராசாவின் லாட்ஜ் அறை. தேசிக்காய். முன்சாமியின் ஒரே ஒரு விதி. நீங்கள் சொல்லமாட்டியள்.

“மிஸஸ் ஆனந்தராசா?” என்றார் மேலாளர்.

ரதிதேவி வாயைத் திறந்தாள்.

7

அந்த அறையில் நடந்ததில் இதுவரைக்கும்தான் எனக்குச் சொல்லப்பட்டது. மிச்சத்தை நானாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. “இல்லை,” என்றாள். அவர் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். கார்டில் கையெழுத்து வைத்தார். அவள் போன பிறகு, அந்த ஒரு கணத்தை நினைத்தோ, பணியார டப்பாவை நினைத்தோ, விண்ணப்பத்தை நிராகரித்தார்.

முடிவு இரண்டு. “ஓம்,” என்றாள். அவர் எழுந்து கை கொடுத்தார். இப்படிப்பட்ட ஆள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார். ஒரு கையால் கார்டை அவளிடம் நீட்டினார், மறு கையால் விண்ணப்பத்தைத் தள்ளி வைத்தார்.

முடிவு மூன்று. ஒன்றும் பேசாமல் டப்பாவைத் திறந்து, “ஒன்று சாப்பிட்டுப் பாருங்கள்,” என்று அவர் பக்கம் நகர்த்தினாள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனாலேயே இது பொய். இது என்னுடைய கெட்டிக்காரத்தனம். அங்கே உட்கார்ந்திருந்தவள் பயந்து போயிருந்தாள்.

நடந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்: அன்றைக்கே ரதிதேவிக்குக் கார்ட் கிடைத்தது. மறுநாள் சபாரத்தினத்துக்குக் கடன் இல்லை என்று பதில் வந்தது, காரணம் சொல்லவில்லை. அந்த மரவீடு வேறு யாருக்கோ போனது. மூன்று முடிவும் இதற்குப் பொருந்துகின்றன. அதுதான் கஷ்டம்.

அப்படியானால் ஏதாவது ஒன்றை எடுத்து வைக்க வேண்டியதுதானே என்பீர்கள். என்னால் முடியாது. காரணத்தை இவ்வளவு நேரம் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்று எழுதிக்கொண்டிருந்த ரதிதேவியின் கை நின்றது என் பெயரில் அல்ல, என் பெயருக்குப் பின்னால் வந்த அப்பாவின் பெயரில். சபாரத்தினம். மூன்று மாதம் முடியுமட்டும் வாயால் சொல்லக்கூடாது என்று செல்வநாயகி சொன்னது என்னைத்தான்.

சொன்னாள் என்று எழுதினால், அம்மாவும் அப்பாவும் அந்த வீட்டை இழந்தது என்னால். சொல்லவில்லை என்று எழுதினால், ஒரு பெண் பொய் சொல்லித் தன் பிழைப்பைக் காப்பாற்ற வேண்டிவந்தது என்னால். இரண்டிலும் எனக்கு வலிக்கிறது. ஆகவே பேனாவைக் கீழே வைத்தேன்.

8

பதில் வந்த அன்று மாலை ரதிதேவி ஏவன்டேலுக்குப் போனாள். அம்மா கதவைத் திறந்தார்.

“கார்ட் கிடைச்சுதோ?”

“ஓம், நாயகி. ஆனால்—”

“சந்தோஷம்.”

கதவு சாத்தப்பட்டது. மற்ற வரிகளை முடிக்காமல் விட்டது நான். இந்த “ஆனால்” மட்டும் என்னுடையதல்ல. அம்மாவின் கணக்கு எளிது. ஒருத்திக்குத்தான் தெரியும், அப்படியானால் ஒருத்திதான் சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு கோயிலில் ரதிதேவி இந்தப் பக்கம் நின்றால் அம்மா அந்தப் பக்கம் போய்விடுவார். அப்பா சாகும்வரைக்கும் நாங்கள் வாடகை வீட்டில்தான் இருந்தோம்.

அப்போது அம்மாவுக்கு இந்த ஊரில் மனம்விட்டுக் கதைக்க இருந்த ஒரே ஆள் ரதியக்காதான். அந்த ஆள் இல்லாமல் போகவே, அந்தப் பேச்சு முழுவதும் என் தலையில் இறங்கியது. என்னோடு படித்த தமிழ்ப் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். நான் மட்டும் தமிழில் சொன்னேன், அம்மாவுக்கு வேறு ஆள் இல்லை என்று தெரிந்ததால். இந்தக் கதை தமிழில் இருப்பதற்கே அந்தச் சாத்திய கதவுதான் காரணம். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, மறைக்கவில்லை.

எழுதியவரைக்கும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “ரதிதேவி வாயைத் திறந்தாள்” என்று நிறுத்தினேன்.

“பிறகு?” என்றார் அம்மா.

“பிறகு நீங்கள்தான் கேக்கவேணும். என்னட்டைச் சொல்லமாட்டாவாம்.”

“நானேன் கேக்க? சொல்லவேண்டியவ சொல்லட்டும்.”

“சொல்லத்தானே வந்தவா, அம்மா. ‘ஆனால்’ எண்டு தொடங்கினவா. நீங்கள்தான் கதவைச் சாத்தினனீங்கள்.”

அம்மா எழுந்து குசினிக்குள் போனார். தட்டுமுட்டுச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

9

இன்று காலை என் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப் புறப்பட்டேன். வாசலில் அம்மா ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை நீட்டினார். அடி இன்னும் சூடாக இருந்தது.

“வெறுங்கையோட போகாதை.”

“ஆருக்கு அம்மா?”

“கடன் எடுத்துத் தாற இடத்துக்கு.”

வேறு ஒரு சொல் சொல்லவில்லை. பெயரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பயற்றம் பணியாரம் செய்து நான் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு பண்டம் இருப்பதே எனக்கு ரதிதேவி சொல்லித்தான் தெரியும்.

டப்பாவை அவர் மேசைமேல் வைத்தேன். அவர் மூடியைத் திறக்கவில்லை. மணம் போதுமாக இருந்தது. மூடிமேல் கையை வைத்தார்.

“கொம்மா தந்துவிட்டவவோ?”

“ஓம்.”

“எனக்கெண்டு சொல்லித் தந்தவவோ?”

வாசகரே, கவனியுங்கள், இப்போது கேள்வி என்னிடம் வந்துவிட்டது. இல்லை என்பது உண்மை. ஓம் என்றால் இந்த மனுசி இத்தனை வருடம் கழித்து மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போடுவார், அதற்குப் பிறகு அம்மாவைக் கூப்பிடத் தொலைபேசியையும் எடுப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓம் என்று சொல்லிவிட்டு, அது பொய் என்று அம்மா வாயால் தெரியவந்தால் எல்லாமே முடிந்துவிடும்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கையெழுத்துக்கான பேனா நடுவில் கிடக்கிறது.

நான் வாயைத் திறக்கிறேன். என்ன சொல்லட்டும்?